குகையும் கூட்டமும்

குற்றாலம் என்று சொன்ன மாத்திரத்தில் நமது ஜனங்களின் மனத்தில் தோன்றுவது கூட்டந்தான். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் வரையில் உள்ள சாலை முழுவதும் வண்டிகளால் நிரம்பிவிடுகிறது. பேரருவியில் தலையை நீட்டுவதற்கு ஒரு வரிசை. ஐந்தருவியில் ஒரு வரிசை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முன்னால் ஒரு வரிசை. குளித்து முடித்த பசிக்குச் சுடச்சுட பஜ்ஜி போடுகிறவர் கடையிலே எல்லாவற்றையும்விட நீளமான வரிசை. தனியாகக் குற்றாலம் போனேன் என்று யாராவது சொன்னால், பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ என்று நாம் நினைக்கிறோம்.

ஆனால் ஸ்தல புராணத்தைக் கேட்டால் சமாசாரம் வேறு விதமாக இருக்கிறது. அகஸ்திய முனிவர் வந்து வழிபட்ட மலை இது. சித்தர்கள் உலாவிய மலை இது. செண்பகாதேவி அருவிக்குப் பக்கத்தில் பாறையின் இடுக்கிலே ஔவையார் குகை என்று ஒன்றைச் சொல்கிறார்கள். இந்த மலைச் சரிவில் காடும் குகையும் தேடி வந்து, ஊரையும் உறவையும் மறந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ! ஆக, கூட்டத்தைத் தேடி வருகிறவர்களும் கூட்டத்தைவிட்டு ஓடி வந்தவர்களும் ஒரே மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இதை ஒரு விசித்திரம் என்றே வெகு காலம் நாம் எண்ணியிருந்தோம். பிறகு, உலகத்துத் துறவிகளின் சரித்திரத்தைச் சிறிது படித்த பின்பு, இந்த விசித்திரம் குற்றாலத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று தெரிந்தது. அதைப் பற்றி எழுதுவதற்குச் சென்ற சாரல் காலத்தில் ஒரு சந்தர்ப்பமும் வாய்த்தது.

தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒரு நாள் மாலை நம்முடைய வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த பிள்ளை நம்மிடம் சரித்திரம் படித்தவன், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம், வயது இருபத்தாறு. இளையவள் பெண், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள்.

"ஸார், பையன் வேலையை விட்டுவிடப் போகிறானாம். மலையடிவாரத்திலே ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருக்கப் போகிறானாம். கல்யாணமும் வேண்டாம், காசும் வேண்டாம் என்கிறான். நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

சரித்திர வாத்தியாருக்கு உபதேசம் செய்யத் தெரியாது; நடந்ததைச் சொல்லத்தான் தெரியும். ஆயினும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுப்பதற்கு மனம் வரவில்லை. மறுநாள் பையனைத் தென்காசிக் கோயிலுக்கு வரச் சொன்னோம். அந்தக் கோயில் வாசலில் எந்நேரமும் வீசும் காற்று, எப்பேர்ப்பட்ட கோபத்தையும் கொஞ்சம் ஆற்றிவிடும் என்பது ஊரார் அனுபவம்.

பையன் வந்தான். கோபமாகவே இல்லை. எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் வாழ்ந்த ஆதிக் கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கைப்பேசியிலேயே படித்திருக்கிறான். மதம் மாறுகிற எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. "அவர்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை ஸார். யாரும் அவர்களை எதிர்பார்க்கவும் இல்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றான்.

"அந்தோணியார் கதையைப் படித்தாயா?" என்று கேட்டோம்.

"முதலில் படித்ததே அதுதான்."

"அவருக்கு ஒரு தங்கை இருந்தாளே, அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?"

பையன் சற்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. அவன் விட்டுவிட்ட இடத்திலிருந்து நாம் ஆரம்பித்தோம்.

அந்தோணியார் கி.பி. 251-ஆம் ஆண்டை ஒட்டி எகிப்திலே நிலபுலன் உள்ள ஒரு குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு, இருபது வயதுக்குள் தாயும் தகப்பனாரும் காலமாகிவிட்டார்கள். வீட்டில் மிஞ்சியவர்கள் அவரும் ஒரு சிறு தங்கையும். ஒரு நாள் கோயிலில், பணக்கார வாலிபன் ஒருவனைப் பார்த்து, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி இயேசுநாதர் சொன்ன பகுதியை வாசித்தார்கள். அது தமக்கே சொல்லப்பட்டது என்று அந்தோணியார் எடுத்துக்கொண்டார். முன்னோர் வைத்துச் சென்ற நிலம் முந்நூறு அரூரா, அதாவது நம்முடைய கணக்கில் சுமார் 200 ஏக்கர். அத்தனையையும் ஊராருக்குக் கொடுத்தார். தங்கைக்கென்று முதலில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்தார். நாளைய தினத்தைப் பற்றிக் கவலைப்படலாகாது என்ற வாசகத்தைக் கேட்ட பிறகு அதையும் வழங்கிவிட்டார். தங்கையைத் தெரிந்த கன்னியர் சிலரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார்.

அலெக்ஸாந்திரியா நகரத்து பிஷப் அத்தனாசியுஸ் இந்தச் சரித்திரத்தை எழுதியிருக்கிறார். பல வருஷங்களுக்குப் பிறகு, தங்கை முதியவளாகி மற்றக் கன்னியருக்குத் தலைவியாக விளங்குவதைக் கண்டு அண்ணன் மகிழ்ந்தார் என்றும் அதில் வருகிறது. முடிவு நல்ல முடிவுதான். ஆனால் அண்ணன் வாசற்படியைத் தாண்டிய அன்று அந்தச் சிறு பெண் என்ன நினைத்தாள் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவளை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் அந்தக் கதையில் உண்டு. தங்கையை ஒப்படைப்பதற்குக் கன்னியர் குழு ஒன்று அப்போதே இருந்திருக்கிறது. பக்கத்து ஊரில் இளமை முதல் தனித்து வாழ்ந்த கிழவர் ஒருவர் இருந்திருக்கிறார். அந்தோணியார் அவரிடம் போய்த்தான் முதற் பாடம் கற்றார். உழைக்காதவன் உண்ணலாகாது என்று கைத்தொழில் செய்து, கிடைத்ததில் ரொட்டிக்குப் போக மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். பிறகு ஒரு கல்லறையிலும், அதன் பின் நைல் நதிக்கு அக்கரையில் இடிந்து கிடந்த ஒரு கோட்டையிலும் தங்கினார். கோட்டையில் மட்டும் சுமார் இருபது வருஷம். கதவை அடைத்துக்கொண்டு ஒருவர் முகத்தையும் பாராமல் இருந்தார். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை கூரை வழியாக யாரோ ரொட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ரொட்டியைச் சுட்டவர் யார், பாலைவனத்தில் சுமந்து வந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லாவிட்டால் இருபது வருஷத் தவமும் இல்லை.

305-ஆம் ஆண்டு வாக்கில் அன்பர்கள் பொறுக்கமாட்டாமல் கதவையே பெயர்த்துவிட்டார்கள். அந்தோணியார் வெளியே வந்தார். அதற்குப் பிறகு அந்த மலைகளில் குடிசைகள் முளைத்தன. தனியாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்குக் கும்பல் கும்பலாக ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள்! மனிதர் தொல்லை தாங்காமல் அவர் செங்கடலுக்குச் சமீபத்தில் உள்ள மலை ஒன்றுக்குப் போனார். அங்கேயும் வந்துவிட்டார்கள். நமக்காக ரொட்டி சுமக்கிறவர்களுக்கு வீண் சிரமமாயிற்றே என்று ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் விதைத் தானியமும் கேட்டு வாங்கி, பயிரிட்டார். வருகிறவர்கள் களைத்து வருவார்களே என்று காய்கறியும் போட்டார். 356-ஆம் ஆண்டில், தமது 105-ஆவது வயதில், அந்த மலையிலேயே காலமானார்.

பையன் புன்னகை செய்தான். "கடைசியில் விருந்தாளிகளுக்காகக் காய்கறித் தோட்டம் போட்டாரா, ஸார்!" என்றான்.

அந்தோணியார் ஒருவர் அல்ல. அலெக்ஸாந்திரியாவுக்குத் தெற்கே நிட்ரியா என்ற இடத்தில் நாலாம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 5,000 துறவிகள் இருந்தார்கள் என்று அங்கே போய் வாழ்ந்த பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார். இவர்களுக்காக அங்கே ஏழு ரொட்டிக் கிடங்குகள் வேலை செய்தன. இன்னும் உள்ளே, பெரும் பாலைவனத்தில் தனித் தனியாக இருந்த 600 பேருக்கும் அங்கிருந்தே ரொட்டி போயிற்று. அறுநூறு ஏகாந்தங்களுக்கு ஏழு அடுப்புக்கள்!

துறவிகளும் சும்மா இருக்கவில்லை. ஈச்ச ஓலையை நனைத்துக் கூடை முடைந்தார்கள், கயிறு திரித்தார்கள், பாய் பின்னினார்கள். அறுவடைக் காலத்தில் நைல் நதிக்கரை வயல்களில் கூலிக்குப் போய், கிடைத்த தானியத்தை ஏழைகளுக்கு அனுப்பியவர்களும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் பனை ஓலைப் பெட்டி முடைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஓலையின் முள் கையில் குத்தும்போது மனம் ஊர் சுற்றப் போவதில்லை.

கூடை முடைய மறுத்த ஒருவர் கதையும் இருக்கிறது. யோவான் என்று பெயர். உயரம் குறைவானபடியால் குள்ள யோவான் என்றார்கள். ஒரு நாள் தம்முடைய அண்ணனிடம், "தேவதூதர்கள் வேலையா செய்கிறார்கள்? நானும் அவர்களைப் போலக் கடவுளைத் துதித்துக்கொண்டு மட்டும் இருக்கப் போகிறேன்" என்று சொல்லி, மேல் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாலைவனத்துக்குள் போய்விட்டார். ஒரு வாரம் ஆயிற்று. இரவில் கதவு தட்டுகிற ஓசை கேட்டது. "யார்?" என்றார் அண்ணன். "நான்தான் யோவான்." "யோவானா? அவன் தேவதூதனாகிவிட்டானே! இனி மனிதர்களோடு அவனுக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு, விடிகிற வரையில் கதவைத் திறக்கவே இல்லை. விடிந்த பின் திறந்து, மனிதனாக இருக்கிற வரையில் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்றார். பின்னாளில் இந்த யோவானே மிகச் சிறந்த துறவிகளில் ஒருவராக விளங்கினார். வாசல் திண்ணையில் கழிந்த அந்த ஓர் இரவுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

தனித் தனிக் குடிசைகள் மடமாக மாறிய வரலாற்றுக்கு மூலபுருஷர் பகோமியுஸ் என்பவர். இவரும் எகிப்தியரே. இளம் பருவத்தில் ராஜாங்கத்தார் இவரைக் கட்டாயமாகச் சேனைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியில் ஓர் ஊரில் சிறைக் கொட்டடியில் அடைத்து வைத்திருந்தபோது, முன்பின் தெரியாத சிலர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர்கள் யார் என்று விசாரித்தார். கிறிஸ்தவர்கள், யாருக்கும் உதவி செய்கிறவர்கள் என்று சொன்னார்கள். அந்தச் சோறே பகோமியுஸின் வாழ்க்கையைத் திருப்பிற்று. விடுதலையானதும் ஞானஸ்நானம் பெற்று, பலாமோன் என்ற முதிய துறவியிடம் சில வருஷம் இருந்தார். பிறகு 320-ஆம் ஆண்டை அடுத்து, தபென்னிசி என்ற இடத்தில், பலர் சேர்ந்து வாழ்வதற்கு ஓர் இல்லம் அமைத்தார்.

முதல் முயற்சி படுதோல்வி. சேர்ந்தவர்களுக்கு அவரே சமைத்தார், அவரே பரிமாறினார், அவரே தோட்டத்தைப் பார்த்தார். அவர்களோ இவரை வேலைக்காரராக வைத்து ஏளனம் செய்தார்கள். நாலைந்து வருஷம் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவர்களை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு விதிகளை வகுத்தார். சுற்றிலும் ஒரு மதில், ஒரு வாசல், சேர்ந்து ஜபம், சேர்ந்து சாப்பாடு, தொழிலுக்குத் தகுந்தபடி தனித்தனி இல்லங்கள். 346-ஆம் ஆண்டில் கொள்ளைநோயில் அவர் இறந்தபோது ஆண்களுக்கு ஒன்பதும் பெண்களுக்கு இரண்டுமாக மடங்கள் இருந்தன. பெண்களின் முதல் மடத்தை அவருடைய சகோதரியே நடத்தினாள்.

அவர் வகுத்த விதிகளுள் ஒன்று பள்ளிக்கூடத்து வாத்தியாராகிய நமக்கு மிகவும் பிடித்தமானது. மடத்தில் சேருகிறவன் எழுத்து அறியாதவனாக இருந்தால், அவனுக்கு இஷ்டம் இல்லாவிட்டாலும், படிக்கக் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவன் ஒருவன் கூட மடத்திலே இருக்கக் கூடாது. உலகத்தைத் துறந்து வந்த உழவனுக்கு அங்கே முதலில் கிடைத்தது ஒரு பாடப் பலகை!

'மோனகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தனியாக இருப்பவன் என்று பொருள். இந்தச் சொல்லே பின்பு மதிலுக்குள் நூறு பேரோடு சேர்ந்து உண்டு உறங்குகிறவனுக்குப் பெயராயிற்று. ஆசியா மைனரில் இருந்த பெரியார் பசீலியுஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். எகிப்துக்குச் சென்று தனித்துறவிகளைக் கண்டு வணங்கியவர்தாம் அவர். ஆனாலும், தனியே இருக்கிறவன் யாருடைய காலைக் கழுவுவான், யாரிடத்தில் பொறுமையைப் பழகுவான் என்று வினவினார். 370-ஆம் ஆண்டை ஒட்டித் தமது நகரத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரியதோர் இல்லம் கட்டினார். இத்தாலியில் பெனடிக்ட் என்ற இளைஞர் மூன்று வருஷம் ஒரு குகையில் இருந்தார். ஆறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய விதி நூலைத்தான் ஐரோப்பாவின் மடங்களில் பெரும்பாலானவை பின்பற்றின. அங்கேயும் ஆரம்பம் குகை, முடிவு மடம்.

நம்முடைய தேசத்திலும் இதே கதைதான், அதுவும் பல நூற்றாண்டுகள் முந்தி. எகிப்தியத் துறவியின் கஷ்டம் தண்ணீர் இல்லாமை. நம் துறவியின் கஷ்டம் தண்ணீர் மிகுதி. புத்த பிக்ஷுக்களும் சமண முனிவர்களும் ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள். மழைக் காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கலாம் என்று விதி. அந்த மழைக்காலத் தங்கலே நாளடைவில் விஹாரங்களுக்கு வித்தாயிற்று. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குகைக்குள்ளும் சொட்டுகிறது, விறகு ஈரம், அட்டை வேறு காலைத் தேடி வருகிறது.

குற்றால மலையில் பிறந்த சிற்றாறு தென்காசியைத் தாண்டிக் கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தச் சீவலப்பேரிப் பக்கத்தில் மறுகால்தலை என்ற சிற்றூர். அங்கே பாறைக் குகையில், முனிவர்கள் படுப்பதற்காகக் கல்லிலேயே படுக்கைகள் செதுக்கியிருக்கிறார்கள். மேலே தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு வரி. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. காசிபன் என்பவர் இந்தக் கல் படுக்கையைச் செய்வித்தார் என்பது அதன் கருத்து. மதுரைக்கு அடுத்த அழகர்மலையிலும் அவ்வாறே படுக்கைகள் உண்டு. அங்கே கொடையாளிகளின் தொழிலையும் குறித்திருக்கிறார்கள்: பொற்கொல்லர் ஒருவர், உப்பு வாணிகர் ஒருவர், வெல்லப்பாகு விற்றவர் ஒருவர், கலப்பைக் கொழு விற்றவர் ஒருவர். முற்றும் துறந்தவர் முதுகைச் சாய்ப்பதற்குச் சந்தையில் உப்பு அளந்தவர் தம் காசைக் கொடுத்திருக்கிறார்.

பிற்காலத்திலும் இது மாறவில்லை. ஆந்திர நாட்டிலிருந்து குற்றாலம் வந்து வாய் பேசாமலே இருந்த துறவியை ஜனங்கள் மௌன சுவாமி என்று அழைத்தார்கள். இன்று அங்கே மௌன சுவாமி மடம் இருக்கிறது. குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மொன்ஷனென், லெ சோ என்ற இரு பிரெஞ்சுப் பாதிரிமார் காவி உடுத்து, 'சாந்திவனம்' என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அவர்களோடு நிலைத்திருப்பதற்கு அநேகமாக ஒருவரும் வரவில்லை. 1957-ல் மொன்ஷனென் காலமானார். திருவண்ணாமலைக் குகைகளில் பல நாள் தங்கி மௌனத்தின் ருசி கண்ட லெ சோ, 1968-ல் இமயமலைப் பக்கம் போய்விட்டார். அந்த ஆண்டில் சாந்திவனத்தை ஏற்றுக்கொண்ட ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993-ல் மறைவதற்குள், பல தேசத்தாரும் அந்தத் தென்னஞ்சோலையைத் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு பையன் ஒரு கேள்வி கேட்டான்.

"ஸார், எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா கடையிலிருந்து வந்ததும் கணக்கு. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால். தங்கை அறைக்குள் கைப்பேசியோடு. நான் ஊருக்கு வந்தால் நானும் அப்படித்தான். நாலு பேரும் நாலு நேரத்தில் சாப்பிடுகிறோம். நான் மலைக்குப் போய்விட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?"

இது அவனுடைய வீட்டுக் கேள்வி மட்டுமா? வாசகர்களில் பலருக்கு இதைப் படிக்கும்போது தங்கள் வீட்டுக் கூடம் நினைவுக்கு வரும் என்று அஞ்சுகிறோம். நம்முடைய வீட்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

399-ஆம் ஆண்டில் எகிப்தில் காலமான எவாக்ரியுஸ் என்ற துறவி, பாலைவனத்துக் குடிசையில் தனியே இருக்கிறவனுக்கு நடுப்பகலில் வரும் ஒரு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுமாம். ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று வாசலுக்கு வருவான். செய்கிற வேலை வெறுக்கும். இந்த இடமே சரியில்லை, வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் சொல்லும். கைப்பேசி கண்டுபிடிப்பதற்கு ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, தனிக் குடிசையில், இந்த வியாதி! வீட்டில் உள்ளவர்களால் வந்த நோயானால் குகையில் தீர்ந்திருக்க வேண்டும். குகையிலும் இருக்கிறதென்றால், அது நம்மோடு கூடவே மலை ஏறுகிறது.

இதைச் சொல்லிவிட்டு அவனிடம், "தம்பி, போகாதே என்று நாம் சொல்ல மாட்டோம். போனவர்களால் உலகத்துக்கு நன்மையே உண்டாயிருக்கிறது. ஆனால் போனவர்கள் எல்லாரும் பதில் சொன்ன மூன்று கேள்விகளுக்கு நீயும் பதில் சொல்ல வேண்டும். யாரிடம் முதலில் கற்கப் போகிறாய்? உன் சோற்றுக்கு உன் கை என்ன தொழில் செய்யும்? தேடி வருகிறவனுக்கு என்ன கொடுப்பாய்?" என்று கேட்டோம். "நாலாவதாக ஒன்றும் உண்டு. அந்தோணியார் கதையில் விட்டுப்போனது. உன் தங்கையைக் கேட்டாயா?"

அவன் கேட்டிருக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் சொன்ன பதிலை மறுநாள் அவனே வந்து சொன்னான்: "போவதானால் போ, அண்ணா. ஆனால் என் படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் அப்பாவோடு நான் தனியாக மல்லுக்கட்ட முடியாது." மேலும், அதிகாலையில் ஒரு மணி நேரம் மாடி அறையை அவனுக்கு விட்டுவிடுவதாகவும், இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்றும் அவளே வீட்டில் சட்டம் போட்டுவிட்டாளாம். பகோமியுஸ் விதி வகுத்த கதையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பையன் சென்னைக்குத் திரும்பினான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த அறையும் அந்த ஒரு மணி நேரமும் அவனுக்கு உண்டு. "தப்பித்தோமா, ஸார்?" என்று அண்ணாச்சி கேட்டார். "இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் கிடைத்திருக்கிறது, அண்ணாச்சி. அதற்குப் பிறகும் அவன் போனானானால் கோபித்துக்கொள்ளாமல் அனுப்புங்கள். ரொட்டி சுமக்கவும் ஆள் வேண்டும் அல்லவா?" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அழவும் இல்லை.

துறவு என்றால் குடும்பத்துக்குப் பகை என்று எண்ணுகிறவர்களும், குடும்பம் என்றால் ஆத்ம சாதனைக்கு விலங்கு என்று எண்ணுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எகிப்தியத் துறவிகளிடையே வழங்கிய வரலாறு ஒன்று உண்டு. அந்தோணியாருக்குச் சமமானவர் நகரத்திலே ஒருவர் இருக்கிறார் என்று அவருக்கே பாலைவனத்தில் அறிவிக்கப்பட்டதாம். அவர் ஒரு வைத்தியர். தம் தேவைக்கு மிஞ்சியதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் கடவுளைத் துதித்து வந்தவர். இந்த வரலாற்றைப் பாதுகாத்து நமக்கு அளித்தவர்கள் இல்லறத்தார் அல்ல. குகையில் இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அழகர்மலைக் குகைகளில் படுத்துறங்கிய முனிவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் மறைந்துவிட்டன. பெயரைத் துறப்பதும் அவர்கள் விரதத்தில் சேர்ந்ததுதானே? உப்பு வாணிகர் பெயரோ இன்றும் பாறையில் இருக்கிறது. அவர் குகைக்குப் போகவில்லை. மறுநாட் காலையில் வழக்கம் போலக் கடையைத் திறந்து உப்பு அளந்திருப்பார். ஒருவர் அமைதியாக இருப்பதற்கு ஆறடி இடம் செய்து கொடுத்தோம் என்ற திருப்தி அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். நம்முடைய வீடுகளிலும் அத்தகைய ஆறடி இடம் ஒன்று, ஒரு மணி நேரத்துக்காவது, யாருக்கேனும் தேவையாக இருக்கலாம்.